கார் கிளட்ச் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி? எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

முகூர்த்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரம் காந்தி ரோடு. பட்டு எடுக்க வந்த வெளியூர் வண்டிகள் ஒரு பக்கம், ஷேர் ஆட்டோக்கள் இன்னொரு பக்கம். நீங்க முதல் கியரில் ஊர்ந்துகிட்டு இருக்கீங்க. நிறுத்தலாம்னு கிளட்ச்சை மிதிக்கிறீங்க. பெடல் வழக்கத்தைவிட லேசா உள்ளே போகுது, தரையைத் தொடுது, திரும்ப மேலே வரவே இல்லை. வண்டி இன்னும் கியரில்தான் இருக்கு. எதிரே கைக்குழந்தையோடு ஒரு அம்மா சாலையைக் கடக்கிறாங்க.

அந்த நொடியில் உங்களுக்கு மிச்சம் இருப்பது பிரேக் மட்டும்தான். பிரேக்கை அழுத்தினால் இன்ஜின் குலுங்கி அணைந்து வண்டி நின்றுவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பயம் பல நாள் போகாது.

இந்தக் கோளாறு பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. பானெட்டுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும் திரவம் பல மாதமாக அறிகுறி காட்டியிருக்கும். அதைக் கவனிப்பதும், நேரத்துக்கு மாற்றுவதும் பொறுமையுள்ள எவரும் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலை. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனசில் வாங்கிக்கோங்க. பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். அதனால் கிளட்ச் வேலைதானேன்னு அலட்சியமாகச் செய்யும் தவறு பிரேக்கில் போய் முடியலாம். எதைச் செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்ற இரண்டையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

உங்க காரில் கிளட்ச் ஆயில் இருக்கா?

எல்லாக் காரிலும் இருக்காது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. மாருதி ஆல்ட்டோ, வேகன்ஆர் போன்ற சின்ன கார்களில் கிளட்ச்சை இழுப்பது கேபிள். அங்கே மாற்ற ஆயிலே கிடையாது. இன்னோவா போன்ற பெரிய வண்டிகளில் ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது திரவத்தின் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் இருக்கிறது.

உங்க வண்டி எந்த வகைன்னு தெரிந்துகொள்ள டாஷ்போர்டு பெட்டியில் இருக்கும் கையேட்டைப் பாருங்க. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் 1998 முதல் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை 2010இல் தொடங்கியது. இங்கே செய்த வண்டிகள் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. ஆனாலும் வண்டியோடு வந்த கையேட்டை நம்மில் பலர் ஒரு தடவைகூடப் பிரித்திருக்க மாட்டோம். எந்த ஆயில், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை, டப்பா எங்கே என்ற மூன்றுக்கும் விடை அதில் இருக்கிறது.

மிதித்தால் என்ன நடக்கிறது?

பிள்ளையார்பாளையத்தில் கைத்தறி ஓடுவதைப் பார்த்திருந்தால் இது சுலபமாகப் புரியும். நெசவாளர் குழிக்குள் இருக்கும் மிதியைக் காலால் அழுத்துவார். மிதியோடு கட்டிய கயிறு விழுதை இழுக்கும். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓடும். கயிறு தளர்ந்துபோனால் கால் எவ்வளவு அழுத்தினாலும் பாவு முழுசாகப் பிரியாது. நாடா நூலில் இடிக்கும்.

காரிலும் இதே கதைதான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரு நொடி பிரித்து வைப்பது கிளட்ச்சின் வேலை. கேபிள் கிளட்ச்சில் கயிறு போல ஒரு கம்பி இழுக்கிறது. ஹைட்ராலிக் கிளட்ச்சில் கயிற்றுக்குப் பதிலாகத் திரவம். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைக் குழாய் வழியாகத் தள்ளும். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்ச்சை விலக்கும். கடைகளில் இவற்றை மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்றும் சொல்வார்கள்.

திரவம் எளிதில் சுருங்காது. காற்று சுருங்கும். குழாய்க்குள் கொஞ்சம் காற்று போய்விட்டாலும், நீங்க மிதிக்கும் பலம் காற்றை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். கிளட்ச் முழுசாகப் பிரியாது. கியர் போடும்போது கரகரன்னு சத்தம் வரும்.

ஆயில் ஏன் கெட்டுப்போகிறது?

பேச்சுவழக்கில் ஆயில் என்று சொன்னாலும் இது எண்ணெய் வகை இல்லை. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் சார்ந்த பிரேக் திரவம்தான். கிளட்ச்சுக்கும் அதையே ஊற்றுகிறார்கள். இதன் குணம், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உப்பு ஜாடி திறந்திருந்தால் உப்பு கசிகிறதே, அதே மாதிரி.

ஈரம் சேர்ந்தால் இரண்டு கெடுதல். ஒன்று, கொதிநிலை குறையும். டாட் 3 வகைத் திரவம் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இதே அளவுகள் 230, 155. கொதித்தால் குமிழி வரும்; குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போகும். இரண்டாவது, சிலிண்டரின் உள்சுவர் துருப்பிடிக்கும். துரு ரப்பர் சீலை அறுக்கும், பிறகு கசிவு தொடங்கும்.

பல நிறுவனங்கள் இந்தத் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. வண்டி அதிகம் ஓடாமல் வாசலிலேயே நின்றாலும் ஈரம் ஏறத்தான் செய்யும். அதனால் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் தேதியையும் பாருங்க. உங்க காருக்கான கணக்கு கையேட்டில் இருப்பதுதான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• பெடல் பஞ்சு மாதிரி இருப்பது, அல்லது பாதி வழி போன பிறகே வேலை செய்வது.
• இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் கியர் விழுவது. ரிவர்ஸ் போடும்போது கரகரப்பது.
• டப்பாவில் ஆயில் கறுத்துப்போவது. புது ஆயில் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்கும்.
• டப்பாவில் அளவு திரும்பத் திரும்பக் குறைவது. இது ஆவியாகி மறையும் பொருள் இல்லை. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. பொது டப்பா என்றால் பிரேக் பேட் தேய்வதாலும் அளவு மெல்ல இறங்கும்.
• பெடலுக்கு மேலே, கால் வைக்கும் இடத்தில் ஈரம் தெரிவது. மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம்.

ஒரு வேறுபாடு தெரிந்திருந்தால் பணம் மிச்சம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் இரைச்சல் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் தேய்ந்தது பெரும்பாலும் கிளட்ச் பிளேட். அதற்கு ஆயிலை மாற்றிப் பயன் இல்லை.

கடையில் வாங்கும்போது

டப்பா மூடியிலேயே எந்த வகை என்று அச்சிட்டிருப்பார்கள். அதையே வாங்குங்க. டாட் 5 என்பது சிலிக்கான் வகை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவற்றோடு அதைக் கலக்கவே கூடாது. பெயர் ஒத்திருப்பதால் 5க்கும் 5.1க்கும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்தமும் மாற்ற வேண்டிவரும். பொது டப்பா என்றால் பிரேக்கும் சேர்ந்து போகும்.

அரை லிட்டர் பாட்டில் பெரும்பாலான கார்களுக்குத் தாராளம். விலை சில நூறு ரூபாய்தான். முத்திரை உடையாத புது பாட்டிலாக வாங்குங்க. போன வருடம் திறந்து மீதம் வைத்தது வேண்டாம். அது பாட்டிலுக்குள்ளேயே ஈரம் குடித்திருக்கும். பாட்டிலில் எம்.ஆர்.பி., அளவு, தயாரித்த மாதம், வருடம் அச்சாகியிருக்க வேண்டும். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. பில் கேட்டு வாங்குங்க.

தொடங்கும் முன்

தேவையானவை: நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மில்லிமீட்டர்), ஒரு மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற ட்யூப், ஒரு காலி பாட்டில், பழைய துணி, கையுறை, கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர். இவற்றோடு பெடலை மிதிக்க வீட்டில் ஒருவர்.

தெருவில் வேண்டாம், வீட்டு வளாகத்துக்குள் சமதளத்தில் வண்டியை நிறுத்துங்க. இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூடான சைலன்சர் குழாயில் இந்தத் திரவம் பட்டால் தீப்பிடிக்கலாம். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்க. கியரில்தானே போட்டிருக்கிறேன் என்று கல்லை விட்டுவிடாதீங்க. கிளட்ச்சை மிதித்ததும் கியரின் பிடி விட்டுவிடும், வண்டி உருளும்.

பானெட்டை ஒட்டி பழைய துணியை விரியுங்க. இந்தத் திரவம் பெயின்டை அரித்துவிடும். சிந்தினால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க. குழந்தைகளை அந்தப் பக்கம் வரவிடாதீங்க.

படிப்படியாகச் செய்யும் முறை

1. டப்பாவையும் மூடியையும் துடைத்துவிட்டுத் திறங்க. தூசி உள்ளே விழக் கூடாது. திறந்த மூடியை அப்படியே டப்பா மேல் லேசாக வைத்திருங்க.

2. கிளட்ச்சுக்கு மட்டும் தனி டப்பா என்றால், ஊசியில்லாத புது சிரிஞ்சால் மேலே உள்ள பழைய ஆயிலைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றலாம். பொது டப்பா என்றால் உறிஞ்சி எடுக்க வேண்டாம். மேல் கோடு வரை புது ஆயிலை நிரப்பினால் போதும்.

3. கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச் நிப்பிளைத் தேடுங்க. அதன் மேல் ஒரு ரப்பர் மூடி இருக்கும். ரப்பரை எடுத்துவிட்டு முதலில் ஸ்பேனரை மாட்டுங்க, பிறகு ட்யூபைச் செருகுங்க. ட்யூபின் மறுமுனை, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். அப்போதுதான் காற்று திரும்ப ஏறாது.

4. உள்ளே இருப்பவரிடம் "மிதி" என்று சொல்லுங்க. அவர் மூன்று நான்கு தடவை மெதுவாக மிதித்துவிட்டு, கடைசி மிதியில் "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

5. நிப்பிளை அரைச் சுற்று மட்டும் திறங்க. பழைய ஆயில் ட்யூபில் வரும். பெடல் தரைக்குப் போகும். அவர் காலை எடுக்கவே கூடாது.

6. நிப்பிளை மூடுங்க. மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். பெடல் தானாக மேலே வரவில்லை என்றால் கையால் தூக்கிவிடலாம்.

7. மிதி, பிடி, திற, மூடு, விடு. இந்த வரிசை மாறவே கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் குழாய் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், செய்த வேலை வீண்.

8. நான்கு தடவைக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்புங்க. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்க: ஆயில் ஒருபோதும் கீழ்க்கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. பொது டப்பாவில் பொதுவாக கிளட்ச் குழாய் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். கிளட்ச் காலியானாலும் பிரேக்குக்கு மிச்சம் இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது. அதை நம்பி அளவைக் கவனிக்காமல் விட்டுவிடாதீங்க.

9. ட்யூபில் குமிழி இல்லாமல், புது ஆயிலின் வெளிர் நிறம் வரும்வரை தொடருங்க. பிறகு நிப்பிளை மூடுங்க. முழு பலத்தோடு முறுக்கினால் நிப்பிள் முறிந்துவிடும், அளவாக இறுக்கினால் போதும். ரப்பரை மாட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடையுங்க. டப்பாவை மேல் கோடு வரை நிரப்பி மூடுங்க.

வெளியே எடுத்த ஆயிலை, பார்க்கத் தெளிவாக இருந்தாலும், திரும்ப ஊற்றாதீங்க.

சாலைக்கு எடுக்கும் முன் சோதனை

இன்ஜினைப் போடாமல் பெடலைப் பத்து தடவை மிதித்துப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உறுதியாக இருக்கணும். பிரேக் பெடலையும் அழுத்திப் பாருங்க. அது இறங்கினாலோ, பஞ்சு போல இருந்தாலோ வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

அடுத்து, பிரேக்கில் கால் வைத்து இன்ஜினைப் போட்டு, கிளட்ச்சை முழுசாக மிதித்து ரிவர்ஸ் போடுங்க. சத்தமில்லாமல் விழணும். ஒரு நிமிடம் அப்படியே மிதித்திருங்க. பெடல் மெல்ல இறங்குகிறதா, வண்டி நகரப் பார்க்கிறதா என்று கவனியுங்க. பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஒரு சுற்று. இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்க. காலையில் அட்டை காய்ந்திருந்தால் கசிவு இல்லை.

இங்கே நிறுத்திக்கோங்க

• நிப்பிளை எட்டுவதற்குக் காரை ஜாக்கியில் தூக்கி அடியில் படுக்க வேண்டும் என்றால் வேண்டாம். ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான்.
• நிப்பிள் துருப்பிடித்து அசையவில்லை என்றால் பலம் காட்டாதீங்க.
• சில கார்களில் திருகும் நிப்பிளுக்குப் பதிலாக கிளிப்பை இழுக்கும் அமைப்பு இருக்கும். கிளிப் முழுசாகக் கழன்றால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். பழகாதவர்கள் தொட வேண்டாம்.
• மூன்று தடவை முயன்றும் பெடல் பஞ்சாகவே இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது என்றால் சிலிண்டர் மாற்ற வேண்டியிருக்கலாம்.
• வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்கே போவது நல்லது.

இதில் எது நேர்ந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

பழைய ஆயிலை எங்கே போடுவது?

சாக்கடையில் ஊற்றினால் அது வேகவதி ஆற்றுப் பக்கம்தான் போகும். மண்ணில் ஊற்றினாலும் நிலத்தடி நீருக்குக் கேடு. மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, மேலே "விஷம், பழைய கிளட்ச் ஆயில்" என்று பெரிதாக எழுதி, கழிவு ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க. இன்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்க. வீட்டு அபாயக் கழிவாகவும் உள்ளாட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாக ஒப்படைக்கலாம்.

தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வீட்டில் வைக்காதீங்க. நிறத்தைப் பார்த்துக் குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே 108ஐ அழையுங்க. பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்க. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்க.

மெக்கானிக்கிடம் கொடுத்தால்

வேலையைச் செய்யாவிட்டாலும், தெரிந்துவைத்திருப்பது கேள்வி கேட்க உதவும். எந்த வகை ஆயில், புது பாட்டிலா, காற்று எடுத்தீர்களா என்று கேளுங்க. வெளியே எடுத்த ஆயிலையும் மாற்றிய பாகத்தையும் காட்டச் சொல்லுங்க. பில்லில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கட்டும்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கினாலோ, சரியாகச் செய்யாமல் விட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கணும். பில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நடுரோட்டில் பெடல் தரைக்குப் போனால்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்க. பிரேக்கை அழுத்துங்க. இன்ஜின் அணைந்தாலும் பரவாயில்லை. ஹசார்டு விளக்கைப் போடுங்க. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, உதவியோடு ஓரமாகத் தள்ளுங்க. எப்படியாவது வீடு போய்ச் சேரலாம் என்று ஓட்ட வேண்டாம். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033ஐ அழையுங்க. வண்டிக்குள் உட்காராமல் தடுப்புக்கு அப்பால் பாதுகாப்பாக நில்லுங்க.

முழு வேலையையும் நீங்களே செய்யணும்னு இல்லை. இன்று மாலை பானெட்டைத் திறந்து அந்தச் சின்ன டப்பாவை மட்டும் பாருங்க. அளவு எங்கே இருக்கு, நிறம் என்ன, மூடியில் என்ன எழுதியிருக்கு? மூன்றையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கோங்க. கடைசியாக மாற்றிய தேதி நினைவில்லை என்றால், மாற்றும் நேரம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கோங்க.

செல்போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

அவசர ஆம்புலன்ஸ்: 108
தேசிய நெடுஞ்சாலை உதவி: 1033
தேசிய நுகர்வோர் உதவி: 1915